‘இல்லை’ என்று எழுதலாமா?

மார்சிலிங் லேன் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் அரசாங்கக் கடிதம் வந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீவக கடிதம், மசேநி கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம். எங்கள் புளோக்கில் அந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கூலி, காப்பிக்கடையில் ஒரு தே ஹாலியா. இஞ்சியைக் கூடுதலாகப் போடச் சொல்வேன். கடிதங்கள் பெரும்பாலும் நீளமானவை.

பக்கத்துப் புளோக்குத் தங்கச்சி ஒருவர், பள்ளிக் கேன்டீனில் வேலை பார்ப்பவர், கொண்டுவந்தது கடிதமல்ல, வேலை விண்ணப்பப் படிவம். அவருடைய மகன் 15 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கடையில் கைவைத்து மாட்டிக்கொண்டான். இளையர் நீதிமன்றம் அவனை 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. ஒழுங்காக முடித்துவிட்டான். இப்போது ஐடிஇ மாணவன். வார இறுதியில் செனோக்கோ பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“அதான் புரொபேஷன் முடிஞ்சிருச்சேண்ணே. இனி அந்த ஃபைலை மூடி சீல் வச்சிருவாங்கல்ல? நியூஜெர்சியில இருக்குற என் தம்பி சொல்றான், அங்கல்லாம் அப்படித்தானாம்.”

தம்பி சொன்னது தப்பில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில், சிறுவயது வழக்குக் கோப்பை முத்திரையிட்டு மூடச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சில இடங்களில் மனு இல்லாமலேயே மூடுவார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆனால் சிங்கப்பூரில் அப்படி ஒரு மனு கிடையாது. அதற்காக இங்கே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பே இல்லை என்று ஆகிவிடாது. பாதுகாப்பு வேறு சட்டங்களில், வேறு வேறு இடங்களில், கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. அதை ஒன்றுசேர்த்துப் பார்க்காததால்தான் பெற்றோர்கள் ஒன்று அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கினேன். பதினெட்டு மாதம் அதனோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அவர் முகம் சொன்னது. ஆனால் அதன் அடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பது எளிதாகப் புரியும். 1841இல் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, குடித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒருவரைத் தன் பொறுப்பில் பிணை எடுத்தார். சில வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்த நீதிபதி பெயருக்கு ஓர் அபராதம் போட்டு அனுப்பிவிட்டார். அகஸ்டஸ் சாகும்வரை அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். ‘தண்டிப்பதைத் தள்ளிவைப்போம், இவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்போம்’ என்பதுதான் அதன் மூலக் கருத்து. தண்டனையே கொடுக்கவில்லை என்றால் தண்டிக்கப்பட்டவர் என்ற பெயர் மட்டும் எப்படி வரும்? இந்தத் தர்க்கம் பிரிட்டிஷ் சட்டங்கள் வழியாக இங்கே வந்து 1951ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சட்டப்படி கண்காணிப்புக் காலம் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை. உத்தரவு போடுவதற்கு முன்பே நன்னடத்தை அதிகாரி, நம் ஆட்கள் வாயில் ‘பி.ஓ.’, வீட்டுக்கு வருவார், பள்ளியில் விசாரிப்பார், அப்பா அம்மா எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகிறார்கள் என்பதுவரை எழுதிக்கொண்டு அறிக்கை தயாரிப்பார். இளையர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு ஆலோசகர்கள் இருவர் உட்காருவார்கள். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. உத்தரவில் நேரக் கட்டுப்பாடு இருக்கும். பெரும்பாலும் இரவு 10 மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். சமூக சேவை மணிகள் இருக்கும். பையன் ஒழுங்காக இருப்பதை உறுதிப்படுத்தப் பெற்றோரும் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். 5,000 வெள்ளி என்பது சாதாரணமாகக் காதில் விழும் தொகை.

“ஜோகூருக்குப் போக முடியாததுதான் அவனுக்குப் பெரிய தண்டனைண்ணே” என்றார் தங்கச்சி. மார்சிலிங்கில் இருப்பவர்களுக்கு இது புரியும். சன்னலைத் திறந்தால் கடற்பாலத்துக்குப் போகும் வண்டி வரிசை தெரிகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டாளிகள் எல்லாரும் கிளம்பிப் போகும்போது, நாட்டைவிட்டு வெளியே போக பி.ஓ.விடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது 16 வயதுப் பையனுக்குச் சின்ன விஷயமல்ல. அவன் அதையும் தாங்கித்தான் முடித்திருக்கிறான்.

சரி, முடித்தாயிற்று. இப்போது என்ன?

நன்னடத்தைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கண்காணிப்பு உத்தரவு போடப்பட்ட வழக்கில் உள்ள குற்றத்தீர்ப்பு, அந்த வழக்குக்கும் அந்த உத்தரவு தொடர்பான அடுத்த நடவடிக்கைகளுக்கும் தவிர, வேறு எந்தக் காரியத்துக்கும் குற்றத்தீர்ப்பாகக் கருதப்படாது. இடையில் உத்தரவை மீறி, திரும்ப நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு வேறு தண்டனை வாங்கினால் கதை மாறலாம். இவர் மகன் மீறவில்லை. அதற்கு மேலே, சிறுவர், இளையர் சட்டமும் கை கொடுக்கிறது. இளையர் நீதிமன்றம் கையாளும் பிள்ளைகள் விஷயத்தில் ‘குற்றத்தீர்ப்பு’, ‘தண்டனை’ என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது. குற்றம் உறுதியானது, அதன்பேரில் உத்தரவு போடப்பட்டது, அவ்வளவுதான் எழுத வேண்டும். தண்டிக்கப்பட்டவர்களுக்கு வேறு சட்டங்கள் விதிக்கும் தகுதியிழப்புகளும் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

ஆக, அந்தக் கிடங்குப் படிவம் கேட்டது தீர்ப்பைப் பற்றி. அந்தக் கேள்விக்கு அவன் ‘இல்லை’ என்று எழுதலாம் என்பதே நான் படித்துப் புரிந்துகொண்டது.

தங்கச்சி பேனாவை எடுக்கவில்லை. தேநீரில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. “பொய் எழுதச் சொல்றீங்களாண்ணே?” என்றார். “நான் கோர்ட்டுல அவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவன் ‘ஆமாம், செஞ்சேன்’னு சொன்னதைக் காதால கேட்டவ நான்.”

இதைக் கேட்கிற தாய்மார்களை எனக்குப் பிடிக்கும். சட்டம் தெரியாததால் வரும் சந்தேகம் இல்லை இது. பிள்ளை ஒரு பொய்யிலிருந்து வெளியே வரத்தான் பதினெட்டு மாதம் பாடுபட்டிருக்கிறது. அதை இன்னொரு பொய்யில் கொண்டுபோய் விடுவதா என்கிறார். நான் சொன்ன பதில் இது. செய்தாயா என்று படிவம் கேட்கவில்லை. செய்ததற்காக நீதிமன்றம் உன்மேல் என்ன முத்திரை குத்தியது என்று கேட்கிறது. இந்த முத்திரையைக் குத்தாமலே உன்னை அனுப்புகிறேன், அதற்குப் பதிலாக இத்தனை மாதம் இப்படி இரு என்று நீதிமன்றம் ஒப்பந்தம் பேசியது. பையன் தன் பங்கை நிறைவேற்றிவிட்டான். நீதிமன்றம் தன் பங்கை நிறைவேற்றும் இடம் இந்தக் கட்டம்தான். நாளைக்கு அதே கிடங்கு முதலாளி நேரில் உட்கார்ந்து, “தம்பி, சின்ன வயசுல ஏதாவது வம்புல மாட்டியிருக்கியா?” என்று கேட்டால், அப்போது அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அது அவனுடைய துணிவு, அவனுடைய கதை. படிவத்துக்கு அந்த உரிமை கிடையாது.

அவர் பாதி சமாதானம் ஆனார். மீதிப் பாதிக்குப் போலீஸ் குறுக்கே நின்றது. “அப்ப போலீஸ்ல அவன் கைரேகை எடுத்தாங்களே, அது?”

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நீதிமன்றம் ஒரு வீடு, போலீசின் பதிவேடு இன்னொரு வீடு. பதிவேட்டை நடத்துவது குற்றவாளிகள் பதிவுச் சட்டம், 1949இலிருந்து இருக்கிறது. அதில் பட்டியலிட்ட குற்றங்கள் பதிவாகும். பதிவானவை எப்போது எடுக்கப்படும்? ஆள் இறந்தால், நிபந்தனையில்லாத மன்னிப்புக் கிடைத்தால், தீர்ப்பு ரத்தானால், அல்லது அவருக்கு 100 வயது ஆனால். இந்த நூறு வயது விதியைப் படித்துவிட்டு நான் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தேன். தொண்ணூற்றொன்பது வயதில் ஒருவர் கடையில் கைவைப்பார் என்று எந்த எழுத்தர் கவலைப்பட்டாரோ.

ஆகவே தாள் கிழிக்கப்படுவதில்லை. நம் ஆட்கள் மறக்காத மாமாக் கடை 555 நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்து கடனைக் கட்டியதும் மாமா அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போடுவார், பக்கத்தைக் கிழிக்க மாட்டார். ஆனால் கோடு விழுந்த பிறகு உங்களைக் கடன்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. 2005இல் இந்தச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்தக் கோட்டைத்தான் போட்டது. ‘காலாவதியான பதிவு’ என்று வைத்துக்கொள்ளலாம். தண்டனை 3 மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாமல் இருந்து, பதிவேட்டில் வேறு குற்றம் இல்லாமல், கடும் குற்றப் பட்டியலிலும் வராமல், விடுதலையான நாளிலிருந்தோ அபராதமென்றால் தீர்ப்பு நாளிலிருந்தோ 5 ஆண்டுகள் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால், பதிவு தானாகக் காலாவதியாகும். மனுப் போட வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். அதன்பிறகு ‘குற்றப் பதிவு உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லச் சட்டமே அனுமதிக்கிறது. இந்த வரம்புக்குள் வராதவர்கள் போலீஸ் ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம். மறுபடியும் நீதிமன்றக் கூண்டில் ஏறினால் மட்டும் நீதிபதி பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியும்.

இந்த யோசனையும் இங்கே பிறந்ததில்லை. பிரிட்டனில் 1972இல் கார்டினர் பிரபு தலைமையில் ஒரு குழு, பழைய குற்றத்தை ஒருவர் வாழ்ந்தே கடக்க வழி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1974இல் அங்கே சட்டமானது. நமக்கு வந்து சேர 31 ஆண்டு ஆயிற்று.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு, அதைத் தங்கச்சியிடமும் சொன்னேன். ஐந்து ஆண்டு என்பது நாற்பது வயதுக்காரருக்கு ஓர் இடைவெளி. பதினைந்து வயதுப் பையனுக்கு அது ‘ஓ’ நிலைத் தேர்வு, ஐடிஇ, முதல் பகுதிநேர வேலை, தேசிய சேவை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிற காலம். வாழ்க்கையில் படிவம் நிரப்புவது மிக அதிகமாக இருக்கும் ஆண்டுகளே அவை. இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2011 ஜனவரியிலிருந்து சமூக சேவை உத்தரவு, தினசரி வருகை உத்தரவு போன்ற சமூகம் சார்ந்த தண்டனைகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை முடித்தவருக்கு, முடித்த அன்றே பதிவு காலாவதி. அதாவது தப்புச் செய்த பெரியவர் ஒருவருக்குச் சில மாதத்தில் கிடைக்கும் சலுகைக்காகச் சின்னப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம் என்ற நிலை.

நாடாளுமன்றத்திலும் இது உறுத்தியிருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் சிறுவர், இளையர் சட்டத்தைத் திருத்தியபோது, இளையர் நீதிமன்ற உத்தரவை முடித்த பிள்ளைகள் தங்களுக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள வழி செய்வதும் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டுகளில் இன்னும் சிலவும் மாறின. குற்றப் பொறுப்பு ஏற்கும் குறைந்தபட்ச வயது 7இலிருந்து 10 ஆனது. ‘இளையர்’ என்பதற்கான வயது வரம்பு 16க்குக் கீழ் என்பதிலிருந்து 18க்குக் கீழ் என்று உயர்ந்தது. இவையெல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை, கட்டம் கட்டமாக வந்தன. அதனால்தான் ஒரே புளோக்கில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு இரண்டு விதப் பதில் சரியாக இருக்க முடியும். ‘என் மகனுடைய பதிவு எந்தத் தேதியிலிருந்து காலாவதி?’ என்ற கேள்வியை பி.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள் என்றேன். வாய்வார்த்தை அடுத்த அதிகாரி வரும்போது காற்றோடு போய்விடும்.

படிவக் கேள்விகள் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. கைபேசியில் வேறு சில நிறுவனங்களின் விண்ணப்பங்களைத் திறந்து காட்டினேன். ஒன்று ‘தீர்ப்பு’ பற்றிக் கேட்கிறது. அதற்கு மேலே சொன்னதுதான். இன்னொன்று ‘குற்றப் பதிவு’ பற்றிக் கேட்கிறது. அதற்குக் காலாவதித் தேதி தெரிந்தாக வேண்டும். மூன்றாவது ரகம் வலையை அகலமாக விரிக்கும்: கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, விசாரிக்கப்பட்டதுண்டா, எச்சரிக்கப்பட்டதுண்டா? இதில் மட்டும் அவசரப்பட்டு ‘இல்லை’யில் கோடு போட வேண்டாம். கைதும் விசாரணையும் நடந்த சம்பவங்கள். அவற்றை நடக்காதவையாகக் கருத வேண்டும் என்று நன்னடத்தைச் சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்லவில்லை. இப்படிப்பட்ட படிவம் வந்தால் இலவசச் சட்ட ஆலோசனை முகாமுக்குக் கொண்டுபோங்கள். சமூக மன்றங்களில் நடக்கிறது, ‘புரோ போனோ எஸ்ஜி’ அமைப்பும் நடத்துகிறது. நான் காப்பிக்கடை வக்கீல். அவர்கள் நிஜ வக்கீல்கள்.

“மாடி வீட்டுப் பையனுக்கு வார்னிங் மட்டும்தான் கொடுத்தாங்க. அவனும் இதெல்லாம் எழுதணுமா?”

மாடி வீட்டுப் பையன் நீதிமன்ற வாசலையே மிதிக்கவில்லை. முதல் தடவை, சின்னக் குற்றம் என்றால் போலீசார் வழக்குப் போடாமல் வழிகாட்டுத் திட்டத்துக்கு அனுப்புவார்கள். 1997இலிருந்து நடக்கிறது, ஏறக்குறைய 6 மாதம் சமூகப் பணியாளரோடு உட்கார வேண்டும். முடித்தால் கடும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். கடும் எச்சரிக்கை என்பது குற்றத்தீர்ப்பு அல்ல. 2015இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், அத்தகைய எச்சரிக்கை சம்பந்தப்பட்ட அதிகாரியின் கருத்தைத் தெரிவிப்பதுதான், அதற்கு மேல் சட்டரீதியான விளைவு அதற்கில்லை என்று சொல்லிவிட்டது. மாடி வீட்டம்மா இதைத் தெரிந்துகொண்டால் லிஃப்டில் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

அடுத்த பயம் பேப்பர். ‘தமிழ் முரசு’வில் பெயர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பதினெட்டு மாதமும் காலையில் முதல் வேலையாக நீதிமன்றச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பார்த்திருக்க வேண்டியதில்லை. பெயர், படம், பள்ளி, முகவரி, அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. எவ்வளவு கடுமையான வழக்கிலும் இது நிற்கிறது. 2021 ஜூலையில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவர் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அப்போது 16 வயது. 2023 டிசம்பரில் அவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டபோதும் நாளிதழ்கள் அவர் பெயரை வெளியிடவில்லை. நாடே பேசிய வழக்கிலேயே அப்படி என்றால், கடையில் கைவைத்த பையனுடைய பெயர் எங்கிருந்து வரும்?

வாட்ஸ்அப் வேறு. இந்தத் தடை பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உறவுக்காரர் குழுவில் ஒருவர் பையனுடைய படத்தையும் வழக்கையும் போட்டால் அதுவும் வம்பில் கொண்டுபோய் விடலாம். சிவகிருஷ்ணா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நடக்கும் பேச்சைச் சட்டம் தடுக்காது, அது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சைக் கைபேசியில் தட்டி நாற்பது பேருக்கு அனுப்புவது இன்னொரு விஷயம். தங்கச்சி இதைக் கேட்டதும் யாரையோ நினைத்துக்கொண்டு உதட்டைச் சுழித்தார். யாரென்று நான் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் எப்படி என்று கேட்டார். அவருடைய ஊர் மன்னார்குடிப் பக்கம். அங்கே இந்த விஷயத்தில் சட்டம் நம்மைவிட ஒரு படி மேலே போகிறது. சென்னை மாகாணம் 1920லேயே குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவிலேயே அதுதான் முதல். செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி அதற்கும் முந்தியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 24ஆம் பிரிவு, பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்பதோடு நில்லாமல், பதிவுகளை அழிக்கவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி மேல்முறையீட்டுக் காலமோ 7 ஆண்டோ முடிந்ததும் அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர் மிகக் கொடிய குற்றத்தில் சிறார் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டால் மட்டும் விலக்கு.

“அப்ப அங்க நல்லதுண்ணே.”

ஏட்டில் நல்லது. ஆனால் அங்கே போலீஸ் வேலைக்கோ துணைப்படைக்கோ போகிறவனிடம் சரிபார்ப்புப் படிவம் நீட்டப்படும். அழிக்கப்பட வேண்டிய தகவல் உள்ளூர்க் காவல் நிலையத்து ஏட்டய்யாவின் நினைவில் பத்திரமாக இருக்கும். சொல்லவில்லை என்பதற்காகவே வேலை போனவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களை மறைத்ததை மன்னித்துவிடலாம் என்று வழிகாட்டியது. 2019இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில், சிறுவனாக இருந்தபோது நடந்ததை வைத்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் வேலை மறுக்க முடியாது, அந்தக் கறையைத் துடைப்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்றது. தாளை அழிக்கச் சொல்லும் நாட்டில் பையன் டில்லிவரை போக வேண்டியிருக்கிறது. தாளை வைத்திருக்கும் நம் நாட்டில் தனியார் முதலாளி போலீஸ் பதிவேட்டைத் திறந்து பார்க்கவே முடியாது. அழிப்பதும் மூடுவதும் எனக்கு அவ்வளவு பெரிய வித்தியாசமாகப் படவில்லை. கதவுக்கு வெளியே நிற்பவர் என்ன கேட்கலாம், உள்ளே இருப்பவர் என்ன சொல்லியாக வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

தெளிவில்லாமல் போகும் இடம் வெளிநாடு. நியூஜெர்சித் தம்பி, மருமகனைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாராம். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: எப்போதாவது எந்தக் குற்றத்துக்காவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, பிறகு மன்னிப்போ அதைப் போன்ற சலுகையோ கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று. சிங்கப்பூர்ச் சட்டம் கொடுத்த ‘இல்லை’ கடற்பாலத்தைத் தாண்டியதும் செல்லுபடியாகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அங்கே உள்ளதைச் சொல்லி, சிறுவயதில் நடந்தது, உத்தரவை முடித்தாயிற்று என்று ஆதாரம் காட்டுவதுதான் வழி. மறைத்தது தெரியவந்தால், பழைய குற்றத்தைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். மற்ற நாடுகளின் படிவங்களையும் இதே சந்தேகக் கண்ணோடு படிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் தங்கச்சியின் முகம் மாறியது. கண்காணிப்பு முடிந்த அன்றைக்கு, எல்லாத் தாளையும் அள்ளிக் கிழித்துப் போடலாம் என்று பையன் சொன்னானாம். நீதிமன்ற உத்தரவின் நகல், சமூக சேவை மணிக் கணக்கு, முடித்ததற்கான கடிதம் எல்லாம் ஒரு நெகிழிப் பையில் சமையலறை அலமாரிக்கு மேலே இருக்கின்றன. வீட்டுக்கு யாராவது வந்தால் கண்ணில் படுமே என்று இவருக்கும் உறுத்தல்.

கிழிக்க வேண்டாம் என்றேன். உத்தரவின் நகல், அவன் போனது இளையர் நீதிமன்றத்துக்கு என்பதைக் காட்டும். முடித்ததற்கான கடிதம், அவன் எதையும் மீறவில்லை என்பதைக் காட்டும். காலாவதித் தேதி பற்றி பி.ஓ. அனுப்பும் பதிலை அவற்றோடு சேர்த்து வையுங்கள். மூன்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பே போதும். கிடங்குக்கு எதையும் அனுப்ப வேண்டாம், அவர்கள் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. விண்ணப்பம் பையனுடையது, கட்டத்தில் கோடும் அவன் கையால்தான் விழ வேண்டும். அவன் வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வருவான் என்றார். வந்ததும் மூன்று ரகக் கேள்வியையும் அவனுக்கே காட்டிவிடுங்கள், இனி அவன் நிரப்பப்போகும் படிவங்கள் நிறைய என்று சொல்லி அனுப்பினேன்.